உங்கள் வயல் எவ்வளவு கார்பன் சாப்பிடுகிறது?

ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்தில் சம்பா நெல் பயிற்சி முகாம். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இதுல கையெழுத்து போட்டா வருஷா வருஷம் பணம் வரும்னு சொல்றாங்க சார். நம்ம பயிரு காத்துல இருக்கிற கார்பனைச் சாப்பிடுதாம். அதுக்குக் காசாம். நெசமாவே நம்ம வயலு எவ்வளவு சாப்பிடுது?"

நான் உழவியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். கேள்வி கேட்டதும் மனக்கணக்குப் போட்டு விடை சொல்லிவிட்டேன். ஏக்கருக்கு 40 மூட்டை விளைந்தால், மூட்டை 60 கிலோ வீதம் 2,400 கிலோ நெல். ஏறத்தாழ அதே எடைக்கு வைக்கோல். ஈரத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சும் காய்ந்த எடையில் சுமார் 40 சதவீதம் கார்பன். ஆக மண்ணுக்கு மேலே மட்டும் ஏக்கருக்கு ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேல் என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போயிடுது. வைக்கோலை மெஷின்ல கட்டு கட்டி வித்துட்டேன். அப்போ வயல்ல எங்க சார் இருக்கு கார்பன்?"

என்னிடம் உடனே பதில் இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை அவர்தான் நினைவுபடுத்தினார். பயிர் உள்ளே இழுப்பது ஒரு கணக்கு. வயலில் தங்குவது வேறு கணக்கு. இந்த இரண்டையும் பிரித்து அளப்பது உலக விஞ்ஞானிகளுக்கே பல பத்தாண்டுகளாகத் தலைவலியாக இருந்தது. அந்தத் தலைவலிக்கு மருந்தாக வந்திருப்பது, காற்றில் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும் ஒரு வாயு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கடைசியில் அந்தப் படிவத்துக்கும் வருகிறேன்.

வரவும் செலவும் ஒரே வாசலில்

பகலில் இலை தன் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது. சூரிய ஒளியின் உதவியால் அதைச் சர்க்கரையாக்குகிறது. இதுதான் ஒளிச்சேர்க்கை. ஆனால் அதே பயிர், அதே நேரத்தில், உயிர் வாழவும் வளரவும் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை எரித்துக் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. வேரும் விடுகிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மட்கைத் தின்று அவையும் விடுகின்றன.

உங்கள் குளத்துக்குத் தண்ணீர் வரும் மதகும் வெளியேறும் மதகும் இரண்டும் திறந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்தால் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று தெரியும். உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியாது. காற்றில் கரியமில வாயுவை அளப்பதும் இப்படித்தான்.

1958ஆம் ஆண்டு முதல் ஹவாய் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள். சார்லஸ் கீலிங் தொடங்கிய பணி அது. தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் 315 அளவுக்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் மே மாதத்தில் உச்சத்துக்குப் போய், பூமியின் வடபாதியில் காடும் பயிரும் செழிக்கும் கோடையில் இறங்கி, செப்டம்பர் வாக்கில் குறைந்த மட்டத்துக்கு வருகிறது. உலகம் மூச்சு விடுவதை இந்த வரைபடத்தில் பார்க்கலாம். ஆனால் இதுவும் நீர்மட்டக் கணக்குதான்.

வயல் அளவில் பார்க்க வேறு வழி உண்டு. வயலின் நடுவே ஒரு கோபுரம் நட்டு, காற்று மேலும் கீழும் நகரும் வேகத்தையும் அதிலுள்ள கரியமில வாயுவையும் நொடிக்குப் பத்து முறை அளப்பார்கள். நம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் இப்படி ஒரு கோபுரம் உண்டு. இதில் கிடைப்பதும் நிகர வரவுதான். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. அப்போது தெரிவது முழுக்கச் செலவு. அதை வைத்துப் பகல் செலவை ஊகித்து, மொத்த வரவைக் கணக்கிடுவார்கள். இதில் ஒரு சிக்கல். வெளிச்சத்தில் இலையின் சுவாசம் இரவில் இருப்பதைவிடக் குறைகிறது. இரவுக் கணக்கை அப்படியே பகலுக்குப் போட்டால் தப்பு வரும்.

எச்சில் இலையை எண்ணுங்கள்

கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எப்படிக் கணக்கிடுவீர்கள்? வாசலில் நின்று எண்ண முடியாது. வருபவர் வருவார், போனவர் மறுபடி வருவார். மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினாலும் பயனில்லை. அனுபவமுள்ள சமையல்காரர் பந்தியில் விழுந்த எச்சில் இலைகளை எண்ணச் சொல்வார். இலை திரும்பிப் போகாது. ஓர் இலைக்கு ஒரு சாப்பாடு.

இலைத்துளை வாசலில் அப்படித் திரும்பிப் போகாத ஒன்று உண்டா என்று தேடியவர்களுக்குக் கிடைத்ததுதான் கார்போனைல் சல்ஃபைடு என்ற வாயு. கரியமில வாயுவில் ஒரு கார்பனோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இருக்கும். அதில் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டு ஒரு கந்தக அணுவை வைத்தால் கார்போனைல் சல்ஃபைடு. இது கடலிலிருந்து வருகிறது. ரேயான் துணிக்கான இழை செய்யும் ஆலைகளில் பயன்படும் கார்பன் டைசல்ஃபைடு காற்றில் மாற்றமடைந்தும் வருகிறது.

காற்றில் இதன் அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம் கோடி மூலக்கூறுகளில் சுமார் 500 மட்டுமே. கரியமில வாயுவோடு ஒப்பிட்டால், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கரியமில வாயு மூலக்கூறுகளுக்கு ஒன்று.

இலைத்துளை திறந்திருக்கும்போது இரண்டு வாயுக்களும் அதே வாசலில்தான் நுழைகின்றன. உள்ளே இரண்டுக்கும் காத்திருப்பது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி. கரியமில வாயுவைத் தண்ணீரோடு சேர்த்து பைகார்பனேட்டாக மாற்றுவது இதன் வேலை. அந்த மாற்றம் இருவழிப் பாதை. பைகார்பனேட் மறுபடி கரியமில வாயுவாகி வெளியேயும் போய்விடலாம். ஆனால் கார்போனைல் சல்ஃபைடு இந்த நொதியிடம் மாட்டினால் ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் கரியமில வாயுவாகவும் உடைந்துவிடும். அது ஒருவழிப் பாதை. பயிர் சுவாசிக்கும்போது கரியமில வாயு வெளியே வருகிறது. கார்போனைல் சல்ஃபைடு வருவதில்லை. எனவே காற்றில் இந்த வாயு எவ்வளவு குறைந்தது என்று அளந்தால், இலைகள் எவ்வளவு உள்ளே இழுத்தன என்பதை மதிப்பிடலாம். எச்சில் இலைக் கணக்கு இதுதான்.

இவ்வளவு நுண்ணிய அளவை அளப்பது எளிதல்ல. முன்பு குடுவைகளில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்த்தான் அளந்தார்கள். பிறகு லேசர் ஒளியால் அளக்கும் கருவிகள் வந்தன. அவற்றை வயலுக்கே, காட்டுக்கே கொண்டுபோய் நொடிக்கு நொடி அளக்க முடிகிறது.

இந்தக் கணக்கு என்ன சொன்னது?

2008ஆம் ஆண்டு எலியட் கேம்ப்பெல் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வட அமெரிக்காவின் மேல் விமானங்களில் பறந்து எடுத்த அளவுகள். பயிர்க்காலத்தில் நிலப்பரப்பின் மேல் இந்த வாயு குறைவதற்குச் செடிகொடிகள் இழுப்பதே முக்கியக் காரணம் என்று அது காட்டியது.

2017இல் அதே விஞ்ஞானியின் குழு அண்டார்டிகாவின் பழைய காற்றைக் கணக்கில் எடுத்தது. அங்குள்ள பனியிலும் உறைந்த பனிக்கட்டியிலும் பழைய காலத்துக் காற்று சிறைபட்டுக் கிடக்கிறது. அதில் இந்த வாயு எவ்வளவு இருந்தது என்று பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் உலகத் தாவரங்களின் மொத்த ஒளிச்சேர்க்கை சுமார் 31 சதவீதம் கூடியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. காற்றில் கரியமில வாயு கூடியது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

2024இல் கார்னெல் பல்கலைக்கழகமும் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் சேர்ந்த ஒரு குழு, இந்த வாயு இலைக்குள் எப்படி நகர்கிறது என்பதை இன்னும் நுட்பமாகக் கணக்கில் எடுத்தது. நிலத்தாவரங்கள் ஆண்டுக்கு 12,000 கோடி டன் கார்பனை உள்ளே இழுக்கின்றன என்பதுதான் 1980களிலிருந்து புழக்கத்தில் இருந்த எண். புதிய கணக்கில் அது 15,700 கோடி டன். வித்தியாசம் அதிகம் தெரிந்தது வெப்பமண்டல மழைக்காடுகளில். மேகம் சூழ்ந்த அந்தக் காடுகளை செயற்கைக்கோள்கள் சரியாகப் பார்க்க முடியாமல் குறைத்து எடை போட்டிருந்தன.

இப்போது இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே போகும் 15,700 கோடி டன்னில், நிலத்தில் நிகரமாக ஆண்டுக்குத் தங்குவது சுமார் 300 கோடி டன்தான். நூற்றுக்கு இரண்டு! மற்றதெல்லாம் சுவாசமாக, மட்கலாக, தீயாக, வந்த வழியே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது.

ஒரத்தநாட்டுப் பெரியவர் கேட்ட கேள்விக்கு உலக அளவிலான பதில் இதுதான். பயிர் சாப்பிடுவது மலை அளவு. தங்குவது கை அளவு.

இந்த முறையிலும் குறை உண்டு

எந்த அளவுகோலுக்கும் வரம்பு இருக்கும். இதற்கும் இருக்கிறது.

ஒன்று, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதிக்கு வெளிச்சம் தேவையில்லை. ஒளிச்சேர்க்கை நின்றுபோன இரவிலும் இலைத்துளை கொஞ்சம் திறந்திருந்தால் கார்போனைல் சல்ஃபைடு உள்ளே போய்க்கொண்டிருக்கும். எனவே வெளிச்சத்துக்கு ஏற்ப கணக்கைத் திருத்த வேண்டும். இந்தக் குறையிலேயே ஒரு நன்மையும் உண்டு. இரவில் இலைத்துளை எவ்வளவு திறந்திருக்கிறது, அதன் வழியே எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று இதை வைத்து அறியலாம். பின்லாந்தின் பைன் மரக் காட்டில் இப்படி அளந்திருக்கிறார்கள். வறட்சியைத் தாங்கும் ரகங்களைத் தேடுபவர்களுக்கு இது உதவக்கூடிய செய்தி.

இரண்டு, பயிருக்குப் பயிர் விகிதம் மாறும். நெல், கோதுமை போன்ற பயிர்களில் ஒரு விகிதம். மக்காச்சோளம், கரும்பு, சோளம் போன்றவற்றில் வேறு விகிதம்.

மூன்று, மண். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிடமும் இந்த நொதி இருப்பதால் மண்ணும் கொஞ்சம் இழுக்கும். சில நேரம் எதிர்மாறாக மண்ணே வெளியிடும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு கோதுமை வயலில் அளந்து 2014இல் வெளியிட்டார்கள். பச்சையாக இருந்தவரை வயல் இந்த வாயுவை இழுத்தது. கதிர் முற்றிப் பயிர் காய்ந்து, மண் சூடேறியதும் வயலே வெளியிடத் தொடங்கியது. தண்ணீர் நின்று காற்றோட்டமில்லாத மண்ணும் இந்த வாயுவை வெளியிடக்கூடியது. ஆகவே நம் டெல்டா நெல் வயலில் இதை அளப்பவர் பயிரையும் சேற்றையும் தனித்தனியாக அளந்தாக வேண்டும்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

முதலில் ஓர் எச்சரிக்கை. இது அளவுகோல், இடுபொருள் அல்ல. நாளை யாராவது இந்த வாயுவின் பெயரைச் சொல்லி "விளைச்சல் பெருக்கும் டானிக்" என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். அளவு கூடினால் இது விஷவாயு.

அடுத்து, மேலே சொன்ன கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியைப் பற்றி ஒரு செய்தி. அந்த நொதியின் நடுவில் இருப்பது துத்தநாகம், அதாவது ஜிங்க். மண்ணில் ஜிங்க் குறைந்தால் இலையில் இந்த நொதியின் வேகம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நெல்லில் ஜிங்க் குறைந்தால் நடவு செய்த சில வாரங்களில் இலையில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பயிர் வளராமல் திட்டுத் திட்டாக நிற்கும். வட இந்தியாவில் இதைக் கைரா நோய் என்பார்கள். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து நடவுக்கு முன் சமன்படுத்திய வயலில் தூவுங்கள். டிஏபி, சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களுடன் சேர்த்துக் கலக்காதீர்கள். போட மறந்து, பயிரில் அறிகுறி தெரிந்துவிட்டால் 0.5 சதவீத ஜிங்க் சல்பேட், 1 சதவீத யூரியா கரைசலைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை இலைவழியாகத் தெளிக்கலாம்.

இன்னொன்று. காற்றில் கரியமில வாயு கூடினால் ஒளிச்சேர்க்கை கூடும் என்று சொன்னேன். அதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அதே காற்று பூமியைச் சூடாக்குகிறது. நெல் பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். கரியமில வாயு கூடுதலாக உள்ள சூழலில் விளைந்த நெல்லில் புரதம், இரும்பு, ஜிங்க் குறைவதாகவும் வயல் ஆய்வுகள் சொல்கின்றன. இலை அதிகம் சாப்பிட்டது என்பதற்காக நம் தட்டில் சத்து கூடிவிடாது.

படிவத்தில் கையெழுத்துப் போடுமுன்

இப்போது அந்தப் படிவத்துக்கு வருவோம். கார்பன் கிரெடிட் என்பதே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். முறையாக நடந்தால் உழவருக்குக் கூடுதல் வருமானம் கிடைக்கும். ஆனால் "உங்கள் பயிர் கார்பனைச் சாப்பிடுகிறது, அதற்குக் காசு" என்று ஒருவர் சொன்னால், அவர் எந்தக் கணக்கைச் சொல்கிறார் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்க வேண்டியவை இவை.

1. எதற்குப் பணம்? மண்ணில் கூடும் கார்பனுக்கா, குறையும் மீத்தேனுக்கா, வளர்க்கும் மரத்துக்கா? பயிர் ஒளிச்சேர்க்கையில் இழுக்கும் மொத்த கார்பனுக்கு என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அது மலை அளவுக் கணக்கு. நெல்லும் வைக்கோலும் வயலைவிட்டுப் போனபின் அதில் தங்குவது மிகச் சொற்பம்.

2. எப்படி அளப்பீர்கள்? மண் கார்பன் என்றால், இப்போது ஒருமுறை, சில ஆண்டுகள் கழித்து மறுபடி ஒருமுறை, அதே இடத்தில், அதே ஆழத்தில் மண் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் மாதிரி எடுக்காமல் கையெழுத்து மட்டும் கேட்டால் சந்தேகப்படுங்கள். உங்கள் பக்கத்து மண் பரிசோதனை நிலையத்தில் நீங்களே ஒரு மாதிரி கொடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அங்ககக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம். அதற்கு மேல் அதிகம்.

3. மீத்தேன் என்றால் என்ன செய்ய வேண்டும்? நெல்லில் இது பெரும்பாலும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறை. வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்படி வைத்திருப்பது. ஆற்றுப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் வரும் வயலில் இதைச் செய்ய முடியுமா, மழைக்காலத்தில் வடிகால் உண்டா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

4. எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? நடுவில் விலகினால் என்ன? குத்தகை நிலம் என்றால் பணம் யாருக்கு? விற்ற தொகையில் உங்களுக்கு எத்தனை சதவீதம்?

5. ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா? உங்கள் கையில் ஒரு நகல் தருவார்களா? அளந்த விவரங்களை உங்களுக்கும் காட்டுவார்களா?

இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் கிடைத்தால் மேற்கொண்டு பேசலாம். பதில் மழுப்பலாக வந்தால் படிவத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.

பணம் வருகிறதோ இல்லையோ, வயலில் கார்பன் தங்குவது உங்களுக்கு லாபம்தான். வைக்கோல் முழுவதையும் விற்காமல் கொஞ்சத்தை மடக்கி உழுவது, தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் பயிரைப் பூக்கும் தருணத்தில் மடக்குவது, தொழுவுரம் போடுவது, சம்பாவுக்குப் பின் உளுந்து, பயறு விதைத்து நிலத்தைத் தரிசாக விடாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை நம் முன்னோர் செய்தவைதான். மட்கு கூடிய மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், உரத்தைப் பிடித்து வைக்கும்.

சில வாரம் கழித்து அந்தப் பெரியவர் போன் செய்தார். படிவம் கொண்டுவந்தவரிடம், "மொத மண்ணு எப்ப எடுப்பீங்க தம்பி?" என்று கேட்டாராம். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்று போனவர் அதுவரை திரும்பி வரவில்லையாம்.

"வரட்டும் சார், நானே மண்ணு எடுத்துக் குடுத்துட்டேன். சீட்டு வந்துச்சு. 0.4ன்னு போட்டிருக்கு. இந்த வருஷம் வைக்கோலைப் பாதி விக்கல" என்றார்.